‘பெக்கன்’ எங்கே இடிக்கிறது? பிழை நீக்கும் வழிமுறை

ஆங்கிலத்தில் ‘பெக்கன்’ என்று ஒரு வினைச்சொல் இருக்கிறது. எழுத்துக்கூட்டினால் பி, இ, சி, கே, ஓ, என். அகராதியில் ‘சைகை காட்டி அழை’, ‘கவர்ந்து இழு’ என்று போட்டிருக்கும். படிக்கிறவர்கள் சைகையை விட்டுவிட்டு ‘அழை’யை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். அப்புறம் கூப்பிடுகிற இடத்திலெல்லாம் இந்தச் சொல்லைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். இலக்கணம் சரியாக இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்காது, ஆனாலும் திருத்துகிறவர் கோடு போட்டுவிடுவார். ஏன் என்று கேட்டால் “இப்படிச் சொல்ல மாட்டார்கள்” என்பார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்தை எழுத முடியாது.

மன்னார்குடிப் பக்கம் ஆங்கில டியூஷன் எடுக்கிற எனக்கு இந்தத் தவறுகள் நோட்டு நோட்டாக வந்து சேர்கின்றன. பெரும்பாலும் ஒரே காரணம்தான். ‘கூப்பிடு’ என்ற ஒரே சொல்லால் நாம் அடுப்படியிலிருந்து கத்துவதையும், போன் போடுவதையும், கல்யாணத்துக்கு அழைப்பதையும், தாசில்தார் வரச்சொல்வதையும் சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். உங்கள் வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கீழே எந்த அறிகுறி பொருந்துகிறதோ அதைப் பாருங்கள். வாய்விட்டுப் படிக்கும்படி உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன்.

அறிகுறி: வாக்கியத்தில் சத்தம் கேட்கிறது

“மை மதர் லவுட்லி பெக்கன்ட் மீ ஃப்ரம் தி கிச்சன்.” அம்மா அடுப்படியிலிருந்து சத்தமாகக் கூப்பிட்டார் என்று எழுத நினைத்திருக்கிறீர்கள். படிப்பவருக்கு ‘லவுட்லி’ வந்ததுமே உதைக்கும். பெக்கன் என்பது கையாலோ, தலையாலோ, கண்ணாலோ செய்வது. அதற்குக் குரல் தேவையில்லை. சத்தமாகச் சைகை காட்ட முடியாது அல்லவா?

சரிசெய்ய: “மை மதர் கால்டு மீ ஃப்ரம் தி கிச்சன்.” தூரத்திலிருந்து குரல் கொடுத்தார் என்றால் “கால்டு அவுட் டு மீ”. போனில் என்றால் வெறும் “கால்டு மீ”. “பெக்கன்ட் மீ ஓவர் தி போன்” என்று எழுதியிருந்தால் யோசிக்காமல் அடித்துவிடுங்கள்.

இந்தச் சொல் தானாக வந்து உட்காரும் இடம் எது என்று பார்த்தால் மீதி எல்லாம் சுலபம். நடவு நேரம். டீசல் இன்ஜின் தடதடவென்று ஓடுகிறது. நாலு வயல் தள்ளி வரப்பில் நிற்கும் சித்தப்பா கத்தினாலும் காதில் விழாது என்று தெரிந்து, கையைத் தூக்கி ‘இங்கே வா’ என்று அசைக்கிறார். “மை அங்கிள் பெக்கன்ட் டு மீ ஃப்ரம் தி பண்ட்.” கோயிலில் நாதஸ்வரமும் தவிலும் முழங்கும்போது கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை கண்ணாலேயே உங்களைக் கூப்பிடுகிறார். அதுவும் பெக்கன்தான். வாய் பேச முடியாத, அல்லது பேசக் கூடாத இடங்களில் இந்தச் சொல் பிழைத்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்தால், தமிழில் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து, ‘கூப்பிட்டார்’ என்பதற்கு முன் ‘பேசாமல்’ என்று சேருங்கள். “அத்தை பேசாமல் கூப்பிட்டார்” பொருந்துகிறது என்றால் பெக்கன் நிற்கும். “அம்மா அடுப்படியிலிருந்து பேசாமல் கூப்பிட்டார்” என்றால் சிரிப்பு வருகிறது, ‘கால்’ போடுங்கள்.

அறிகுறி: ‘டு’ போடுவதா வேண்டாமா என்று பேனா நிற்கிறது

நிற்க வேண்டாம். “ஷீ பெக்கன்ட் மீ”, “ஷீ பெக்கன்ட் டு மீ” இரண்டும் சரி. ‘டு’ சேர்த்தால் சைகை யாரை நோக்கிப் போனது என்பது சற்றுத் தெளிவாகிறது. ‘அட்’ மட்டும் கூடாது.

அறிகுறி: பெக்கன் சரி, அதற்குப் பின்னால் வருவது தடுமாறுகிறது

“ஹீ பெக்கன்ட் மீ ஃபார் கமிங் இன்சைட்.” “ஹீ பெக்கன்ட் தட் ஐ ஷுட் கம்.” இரண்டும் தவறு. ‘வரும்படி’, ‘வரவேண்டும் என்று’ என்ற நம் கட்டுமானத்தை அப்படியே தூக்கி வைத்ததன் விளைவு. ஆங்கிலத்தில் ஆள், அடுத்து ‘டு’, அடுத்து வினை: “ஹீ பெக்கன்ட் மீ டு சிட் டவுன்.” “ஷீ பெக்கன்ட் தி பாய் டு ஃபாலோ ஹர்.”

வரச்சொல்வதற்கு மட்டும் இதைவிட நல்ல வழி இருக்கிறது. ‘டு கம்’ போட்டால் தவறில்லை, ஆனால் பெக்கன் என்றாலே ‘வா’ என்பது உள்ளே இருக்கிறது. திரும்ப எதற்கு? திசையை மட்டும் சொன்னால் போதும். “பெக்கன்ட் மீ ஓவர்” என்றால் தன் பக்கம் வரச்சொன்னார். “பெக்கன்ட் மீ இன்” என்றால் உள்ளே. சுவாமிமலையில் தரிசன வரிசை நகராமல் நிற்கிறது, தீபாராதனை ஆரம்பிக்கப்போகிறது. குருக்கள் வாய் திறக்காமல் கையை அசைத்துக் குழந்தையோடு நிற்பவர்களை முன்னால் வரச்சொல்கிறார். “தி ப்ரீஸ்ட் பெக்கன்ட் அஸ் ஃபார்வர்ட்.” ஐந்தே சொற்களில் முழுக் காட்சியும் வந்துவிட்டது. ‘ஓவர்’, ‘இன்’, ‘ஃபார்வர்ட்’ மூன்றும் பழகிவிட்டால் உங்கள் ஆங்கிலம் மனப்பாடம் செய்தது போலத் தெரியாது.

செயப்பாட்டு வினையிலும் இதே அமைப்புதான் நன்றாக வரும்: “வி வேர் பெக்கன்ட் இன்சைட்.”

அறிகுறி: ‘கையைக் காட்டி’ என்பதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை

“ஹீ பெக்கன்ட் மீ பை ஷோயிங் ஹிஸ் ஹேண்ட்.” கை ஏற்கெனவே சொல்லுக்குள் இருக்கிறது. இன்னொரு முறை காட்ட வேண்டாம். எப்படிப்பட்ட அசைவு என்று சொல்ல வேண்டுமானால் மட்டும் சேருங்கள்: “வித் எ நாட்” என்றால் தலையசைத்து, “வித் எ ஃபிங்கர்” என்றால் விரலை மடக்கி.

இங்கே ஒரு இடறல் உண்டு. நம் ஊரில் ஒருவரைக் கூப்பிடும்போது உள்ளங்கை கீழே பார்த்தபடி விரல்களை அசைப்போம். மேற்கத்தியர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை மேலே வைத்தோ, ஆள்காட்டி விரலை மடக்கியோ கூப்பிடுவார்கள். நம் அசைவு அவர்கள் கண்ணுக்குச் சில நேரம் ‘போ’ என்பது போலவோ விடைகொடுப்பது போலவோ படும். அவர்கள் விரலை மடக்குவது நமக்கு மரியாதைக் குறைவாகப் படும். பெரியவர் ஒருவரை ஒற்றை விரலால் கூப்பிட்டுவிட்டு வீட்டில் தப்பிக்க முடியுமா? நீங்கள் எழுதியதைப் படிக்கும் மேற்கத்தியர் பெக்கன் என்றதும் தன் ஊர் அசைவைத்தான் கற்பனை செய்துகொள்வார். கதையோ கட்டுரையோ எழுதுகிறீர்கள், அசைவு முக்கியம் என்றால் “பாம் டவுன்” என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள்.

மரியாதை பற்றியும் சொல்ல வேண்டும். “ஐ பெக்கன்ட் மை கிராண்ட்ஃபாதர்” என்பதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கூப்பிட்டால் வந்துவிடுவார் என்ற உரிமை அந்த வினையில் தொனிக்கிறது. தாத்தா காது கேளாதவர், அதனால் கையசைத்தேன் என்று சூழல் இருந்தால் சரி. இல்லாவிட்டால் “ஐ ஆஸ்க்ட் மை கிராண்ட்ஃபாதர் டு கம்” என்று எழுதுவதே நல்லது.

பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவதும் இந்தக் கணக்கில் வராது. கும்பகோணம் போகும் தனியார் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினேன் என்பதற்கு “ஐ ஃப்ளாக்ட் டவுன் தி பஸ்”. ஆட்டோவுக்கு “ஐ ஹெய்ல்டு ஆன் ஆட்டோ”.

அறிகுறி: வாக்கியத்தில் பத்திரிகை, தாம்பூலம், விருந்து இருக்கிறது

“மை அங்கிள் பெக்கன்ட் அஸ் டு ஹிஸ் டாட்டர்ஸ் மேரேஜ்.” மாமா வெற்றிலை பாக்கோடு வீட்டுக்கு வந்து, மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தட்டில் வைத்துக் கொடுத்து, “குடும்பத்தோட வந்துடணும்” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அந்த மரியாதையைப் பெக்கன் போட்டுக் கெடுக்கக் கூடாது. இந்த வாக்கியத்தைப் படித்தால் மாமா மண்டப வாசலில் நின்று கையாட்டுகிற மாதிரி இருக்கிறது.

சரிசெய்ய: “மை அங்கிள் இன்வைட்டட் அஸ் டு ஹிஸ் டாட்டர்ஸ் வெடிங்.” ‘கால்டு அஸ் ஃபார் தி மேரேஜ்’ என்பது நம் பக்கம் சகஜமாகப் புழங்குகிறது. பேச்சில் புரிந்துகொள்வார்கள், எழுத்தில் வேண்டாம். ‘இன்வைட்டட் டு ஹிம்’ என்பதும் தவறு. ‘அவருக்குப் பத்திரிகை வைத்தேன்’ என்பதிலுள்ள ‘-க்கு’ அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. ஆளுக்கு முன்னால் ‘டு’ கிடையாது, நிகழ்ச்சிக்கு முன்னால்தான் ‘டு’.

அறிகுறி: கூப்பிட்டவர் அதிகாரி, போகாமல் இருக்க முடியாது

“தி கோர்ட் பெக்கன்ட் ஹிம்.” நீதிமன்றம் கையசைக்காது. இங்கே வேண்டியது ‘சம்மன்’. அதிகாரம் உள்ளவர் ‘வந்தே ஆக வேண்டும்’ என்று வரவழைப்பது. “தி கோர்ட் சம்மன்ட் ஹிம் டு அப்பியர் ஆஸ் எ விட்னஸ்.” ஹெட்மாஸ்டர் அறைக்கு வரச்சொன்னாலும் இதே சொல்தான்: “ஐ வாஸ் சம்மன்ட் டு தி ஹெட்மாஸ்டர்ஸ் ரூம்.” படிக்கும்போதே வயிற்றைக் கலக்க வேண்டும், கலக்கினால் சரியான சொல்லைப் போட்டிருக்கிறீர்கள்.

இதில் நமக்கென்று ஒரு தனிக் குழி உண்டு. தமிழில் ‘அவருக்கு சம்மன் வந்தது’ என்கிறோம். செய்தித்தாளும் ‘சம்மன் அனுப்பப்பட்டது’ என்றே எழுதும். அதைப் பார்த்து “ஹீ ரிசீவ்ட் எ சம்மன்” என்று எழுதிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்தக் காகிதத்தின் பெயர் ‘சம்மன்ஸ்’. கடைசியில் எஸ் இருந்தாலும் அது ஒருமை. “எ சம்மன்ஸ் வாஸ் செர்வ்ட் ஆன் ஹிம்.” ஒன்றுக்கு மேல் வந்தால் ‘சம்மன்ஸஸ்’. எஸ் இல்லாத ‘சம்மன்’ வினை, எஸ் உள்ள ‘சம்மன்ஸ்’ காகிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றாடத் தேவைக்குப் போதும்.

இந்த வினைக்கு இன்னொரு நல்ல முகமும் இருக்கிறது. ‘தைரியத்தை வரவழைத்துக்கொண்டு’ என்று நாம் சொல்வதை ஆங்கிலமும் அப்படியே சொல்கிறது: “ஷீ சம்மன்ட் அப் ஹர் கரேஜ்.”

அறிகுறி: கூப்பிடுவது ஆள் இல்லை, ஊர், கடல், வேலை, காலம்

பெக்கன் தன் முழு அழகோடு வருவது இங்கேதான். தவறுகளும் இங்கேதான் அதிகம்.

“தி சீ அட் பூம்புகார் இஸ் பெக்கனிங் மீ டு கம் அண்ட் சீ இட்.” நீளம் தாங்கவில்லை. உயிரில்லாத ஒன்று நம்மை ஈர்க்கும்போது ஆங்கிலம் பெரும்பாலும் ஆளையே சொல்லாமல் விட்டுவிடும். “தி சீ பெக்கன்ஸ்.” அவ்வளவுதான். யாரை, எதற்கு என்று படிப்பவர் நிரப்பிக்கொள்வார். ‘மீ’ போட்டாலும் தவறாகாது. போடாவிட்டால் இன்னும் நன்றாக இருக்கும். “ஐ வாஸ் பெக்கன்ட் பை தி சீ” என்று திருப்பிப் போட்டால் இருக்கிற உயிரும் போய்விடுகிறது.

நம் மண்ணிலிருந்தே ஒரு உதாரணம் எடுத்துக்கொள்ளலாம். கும்பகோணத்தில் வளர்ந்து, டவுன் ஹைஸ்கூலில் படித்த சீனிவாச ராமானுஜன், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த கணித அறிஞர் ஹார்டிக்குத் தன் தேற்றங்களைக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். ஹார்டி அவரை இங்கிலாந்துக்கு வரச்சொன்னார். ராமானுஜன் முதலில் போக ஒப்புக்கொள்ளவில்லை. கடல் கடப்பது அன்று ஆசாரக் குடும்பங்களில் பெரிய தடை. சென்னைக்கு வந்த நெவில் என்ற இன்னொரு கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் நேரில் பேசினார். 1914 மார்ச் 17 அன்று ராமானுஜன் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார்.

இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் “ஹார்டி பெக்கன்ட் ராமானுஜன் டு கேம்பிரிட்ஜ்” என்று பாதிப்பேர் எழுதுவார்கள். கவிதையில் இப்படி வந்தால் பொறுத்துக்கொள்வேன், கட்டுரையில் கோடு போடுவேன். ஹார்டி செய்தது முறையான அழைப்பு: “ஹார்டி இன்வைட்டட் ராமானுஜன் டு கேம்பிரிட்ஜ்.” நெவில் செய்தது எடுத்துச் சொல்லிச் சம்மதிக்க வைத்தது: “நெவில் பெர்சுவேடட் ஹிம் டு கோ.” ‘சம்மன்ட்’ என்று எழுதினால் ஹார்டிக்கு இல்லாத அதிகாரத்தை நாம் கொடுத்துவிடுகிறோம். ‘லூர்டு’ என்றால் அவரை ஏமாற்றுக்காரர் ஆக்குகிறோம். சரி, பெக்கன் எங்கே? ஊருக்குக் கொடுங்கள். “கேம்பிரிட்ஜ் பெக்கன்ட்.” ஆட்கள் அழைப்பார்கள், வற்புறுத்துவார்கள், தூரத்தில் நின்று வா வா என்று கூப்பிடுவது அந்த ஊரும் அங்கே காத்திருக்கும் வாழ்க்கையும்தான். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதத்தைத் தவிர வேறு எதையும் கவனிக்காமல், ஆங்கிலம் உட்படப் பாடங்களில் தவறி, உதவித்தொகையை இழந்தவர் ராமானுஜன். அவரை வைத்து ஆங்கில வினைச்சொல் பாடம் நடத்துவது எனக்கே சற்றுக் குறும்பாகத்தான் இருக்கிறது.

இதே அளவுகோல் இன்றைய வாக்கியங்களுக்கும் பொருந்தும். பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கத்து இளைஞர்களைப் பற்றி எழுதும்போது “சிங்கப்பூர் பெக்கன்ட், அண்ட் ஹீ லெஃப்ட் தி வில்லேஜ்” என்பது அழகான வாக்கியம். நிலத்தில் வருமானம் இல்லை, அங்கே சம்பளம் இருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு வினையிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு பயன்பாடும் உண்டு. அகராதியைப் பாதியில் மூடுகிறவர்களுக்குத் தெரியாது. ஒன்று நடக்கப்போகிறது, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்கும் பெக்கன் வரும். விளையாட்டுச் செய்திகளில் “எ ஃபைனல் பெக்கன்ஸ்” என்று பார்த்திருப்பீர்கள். இறுதிப் போட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். ஓய்வு பெற இன்னும் சில மாதமே இருப்பவருக்கு “ரிட்டயர்மென்ட் பெக்கன்ஸ்”. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கி, வாய்க்கால் தூர்வாரும் பொக்லைன் ஊருக்குள் வந்துவிட்டால் “தி குறுவை சீசன் பெக்கன்ஸ்”. யாருக்கு என்று சொல்ல வேண்டுமானால் ‘ஃபார்’ சேருங்கள்: “எ பிரைட் கரியர் பெக்கன்ஸ் ஃபார் ஹர்.” ஆசைப்படத்தக்க ஒன்றுக்கே இது பெரும்பாலும் வருகிறது. தோல்வி, வேலையின்மை போன்றவற்றுக்கும் எழுதுகிறார்கள். அப்போது அதில் கொஞ்சம் கிண்டலோ கசப்போ கலந்திருக்கும். அந்தத் தொனி உங்களுக்கு வேண்டாம் என்றால், மிரட்டுகிற மாதிரி நெருங்கி வருவதைச் சொல்லும் ‘லூம்ஸ்’ போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘பிரைட் ஃப்யூச்சர் பெக்கன்ஸ்’ என்று பேச்சுப் போட்டிகளில் முழங்கி முழங்கி அது தேய்ந்துவிட்டது. பக்கத்துக்கு ஒன்று போதும், என்னைக் கேட்டால் கட்டுரைக்கே ஒன்று போதும்.

அறிகுறி: கூப்பிட்டவருக்கு உள்நோக்கம் இருக்கிறது

நல்லெண்ணத்தோடு இழுப்பது வேறு, ஏமாற்ற இழுப்பது வேறு. “தி ஏஜென்ட் பெக்கன்ட் ஹிம் வித் எ ஃபாரின் ஜாப்” என்று எழுதினால் போலி ஏஜென்ட் செய்த மோசடி மறைந்துபோகிறது. பணத்தை வாங்கிக்கொண்டு விசிட் விசாவில் அனுப்பிவிட்டு மறைந்தவனுக்கு ‘லூர்’ தான் சரி: “தி ஏஜென்ட் லூர்டு ஹிம் வித் தி ப்ராமிஸ் ஆஃப் எ ஜாப்.” இந்தச் சொல்லில் தூண்டில் இரையின் வாடை இருக்கிறது. பருந்தைத் திரும்ப வரவழைக்க வேட்டைக்காரர்கள் பயன்படுத்திய பொருளுக்கு ‘லூர்’ என்று பெயர். மீன்பிடிப்பில் செயற்கை இரைக்கும் அதே பெயர். சிக்கினவன் பெயரோடுதான் இந்த வினை வரும்.

‘என்டைஸ்’ இதற்குக் கொஞ்சம் மென்மையான உறவு. ஏதோ ஒன்றை ஆசை காட்டி இழுப்பது. சாப்பாட்டின் வாசனைக்கு ‘என்டைசிங் ஸ்மெல்’ என்றால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஆளை என்டைஸ் செய்தான் என்றால் சட்டத்தின் நிழல் விழுகிறது. ‘ஆசை வார்த்தை கூறி அழைத்துச் சென்றார்’ என்று நம் செய்தித்தாள்கள் எழுதுகின்றனவே, கிட்டத்தட்ட அதே இடம். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் ஆள்கடத்தலைச் சொல்லும் பிரிவில் ‘டேக்ஸ் ஆர் என்டைசஸ்’ என்றே இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தத் தொடர் இருக்கிறது. ஆகவே ஜவுளிக்கடை விளம்பரக் கட்டுரையில் “தி ஷாப் என்டைசஸ் சில்ட்ரன்” என்று எழுதுவதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். “அட்ராக்ட்ஸ்” எந்த வம்பும் இல்லாதது.

பின்னால் வரும் அமைப்பில் ‘இன்டு’ முக்கியம்: “தே என்டைஸ்ட் ஹிம் இன்டு சைனிங் தி பாண்ட்.” ‘டு சைன்’ என்றாலும் சரி. ‘ஃபார் சைனிங்’ மட்டும் கூடாது.

இழுப்பு நமக்குள்ளேயே இருந்தால் ‘டெம்ப்ட்’. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகும் திருவையாற்றில் இறங்கி அசோகா அல்வாவைப் பார்த்தால் “ஐ வாஸ் டெம்ப்டட் டு ஹேவ் ஒன் மோர் ஸ்பூன்.” அல்வா மேல் பழி போட விரும்புகிறவர்கள் “தி அசோகா அல்வா பெக்கன்ட்” என்று எழுதிக்கொள்ளலாம். அதுவும் நல்ல ஆங்கிலமே.

அறிகுறி: ஸ்பெல்லிங், உச்சரிப்பு

பெக்கன், பீக்கன், பேக்கன், ரெக்கன் நான்கும் ஒன்றையொன்று காலை வாரிவிடும். ‘பீக்கன்’ வழிகாட்டும் விளக்கு. கோடியக்கரையில் கடலோடிகளுக்கு வெளிச்சம் காட்டுவது அந்த வகை. பெக்கனும் பீக்கனும் பழைய ஆங்கிலத்தில் ஒரே குடும்பம், இரண்டும் ‘அடையாளம் காட்டுவது’ என்ற கருத்திலிருந்து வந்தவை. அதனாலேயே குழப்பமும் அதிகம். ‘சி’க்குப் பிறகு ‘கே’ இருந்தால் வினை, ‘இ’க்குப் பிறகு ‘ஏ’ இருந்தால் விளக்கு. ‘பேக்கன்’ பன்றி இறைச்சி. ‘ரெக்கன்’ கருதுவது, கணக்கிடுவது.

இறந்த காலத்தில் ‘என்’ இரட்டிக்காது. அழுத்தம் முதல் அசையில் இருப்பதால் ‘ஓப்பன், ஓப்பன்ட்’ மாதிரி ஒற்றை ‘என்’ போதும். உச்சரிக்கும்போது ‘பெக்கனெட்’ என்று மூன்று அசையாக்க வேண்டாம். இரண்டே அசை, கடைசியில் மெல்லிய ‘ட்’.

அறிகுறி: வேலை விண்ணப்பத்தில் ‘பெக்கன் கால்’

“ஐ வில் பி அட் யுவர் பெக்கன் கால்.” காதால் கேட்டு எழுதினால் இப்படித்தான் வரும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். உண்மையான தொடர் “அட் யுவர் பெக் அண்ட் கால்”. ‘பெக்’ என்பது பெக்கனின் குட்டை வடிவம், சைகை என்று பொருள். சைகை காட்டினாலும் குரல் கொடுத்தாலும் ஓடி வருவேன் என்பது கருத்து. ‘பெக்’ தனியாக இன்று அநேகமாக வருவதில்லை. இந்தத் தொடருக்குள் மட்டும் ஒதுங்கியிருக்கிறது.

எழுத்தைத் திருத்திவிட்டால் பிழை போய்விடும், ஆனால் விண்ணப்பம் தேறாது. இந்தத் தொடர் பெரும்பாலும் குறையாகவே வரும்: “ஹீ எக்ஸ்பெக்ட்ஸ் எவ்ரிஒன் டு பி அட் ஹிஸ் பெக் அண்ட் கால்.” எல்லாரும் கைகட்டி நிற்க வேண்டும் என்று நினைக்கிறார் என்று பொருள். வங்கி வேலைக்கோ பள்ளி வேலைக்கோ போடும் கடிதத்தில் நீங்களே அப்படி நிற்கிறேன் என்று எழுதினால், படிப்பவருக்குப் பணிவு தெரியாது, அடிமைத்தனம்தான் தெரியும். அந்த வரியை முழுதாக எடுத்துவிட்டு “ஐ ஆம் அவெயிலபிள் ஃபார் ஆன் இன்டர்வியூ ஆன் எனி வொர்க்கிங் டே” என்று போடுங்கள். கீழே மறக்காமல் போன் நம்பர்.